சில்வர் என்று சொல்லியிருக்கலாம்

தேர்தல் காலத்தில் கைப்பற்றப்பட்ட பணமோ பொருளோ எந்த வேட்பாளருடனும் கட்சியுடனும் தொடர்பில்லாதது என்றால், அதற்கென அமைக்கப்பட்ட குழு, யாரும் வந்து கேட்கும்வரை காத்திராமல் தானாகவே ஆராய்ந்து உடனே விடுவிக்க வேண்டும். வழக்குப் பதிவாகாத நிலையில், வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாள்களுக்கு மேல் எதையும் கருவூலத்தில் வைத்திருக்கக் கூடாது. இது என் ஆசை அல்ல, விதி. பணியில் இருந்த காலத்தில் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ‘தானாகவே’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடச் சொன்னதும் நான்தான். கோடு போட்ட சொல்லை யாரும் படிப்பதில்லை என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. என் ஓய்வூதியத் தாள்களும் அந்தக் கட்டடத்தின் படி ஏறித்தான் வருகின்றன.

கைப்பற்றப்பட்டது ஒரு மரப்பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டின் மேல் பன்னிரண்டு மேசைக் கரண்டி, பன்னிரண்டு முள்கரண்டி. பிரான்சில் செய்தவை, வெள்ளி முலாம் பூசியவை. பிடியின் ஓரம் முழுக்க முத்துக் கோத்தது போல ஒரு வரி ஓடும். இவை எனக்கு ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. பல வருடங்களாக, ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்தேன்.

ஆரம்பம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். புதுச்சேரிக்குக் குழாய்க்கு வாஷர் வாங்கப் போனவன், கதவுக் கீலும் துருப்பிடித்த சாவியும் கொட்டிவைத்திருந்த பேசினில் கறுத்துப்போன ஒரு கரண்டியைக் கண்டேன். கையில் எடுத்தால் கனம். பிடியின் முதுகில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் 90 என்ற எண். வீட்டுக்கு வந்து, குத்துவிளக்குக்குப் போடுவது போல விபூதி போட்டுத் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் என் முகம் அதில் தலைகீழாகத் தெரிந்தது. முப்பது வருட உத்தியோகத்தில் என் முகத்தை அவ்வளவு தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

“நெத்திக்கு வெச்சிக்கச் சொன்னா நேரமில்லம்பாரு. இன்னிக்குக் கரண்டிக்குப் பட்ட போடுறாரு,” என்றாள் என் மனைவி.

அதற்குப் பிறகு படித்தேன். சதுரத்துக்குள் இருந்தால் முலாம், சாய்சதுரத்துக்குள் இருந்தால் முழு வெள்ளி. 90 என்பது தரம் அல்ல. ஒரு டஜன் கரண்டியும் ஒரு டஜன் முள்கரண்டியும் கொண்ட தொகுப்புக்குப் பூசிய வெள்ளி தொண்ணூறு கிராம் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் முள்கரண்டியை மேசையில் கவிழ்த்து வைப்பார்கள், குடும்ப முத்திரை முதுகில் இருப்பதால். இதையெல்லாம் நான் இருக்கும் பாகூரில் யாரிடம் சொல்வது? சாப்பாட்டு மேசையில் இரண்டு பேருக்கு எடுத்து அடுக்கிவைத்து, ஞாயிறு தோறும் மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்த்தபடி சாப்பிட்டாள்.

“மீன் முள்ள ஊரே துப்பிப் போடுது,” என்பாள். “நீங்க ஊரெல்லாம் தேடிப் போயி முள்ளு வாங்கினு வரீங்க.”

கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திரும்பும் பக்கத்து வயல்காரர் ஒருமுறை ஜன்னல் வழியாக மேசையைப் பார்த்துவிட்டு நின்றார். அன்று தனியாக வாங்கிய கத்திகளையும் வரிசையாக வைத்திருந்தேன். “இன்னா சார், யாருக்கு ஆபரேசன்? பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில கூட இத்தினி கத்தி வெக்க மாட்டானே!”

பதினொன்றுவரை சேர்ந்ததும் எனக்கு ஒரு குறிக்கோள் வந்துவிட்டது. பன்னிரண்டு பேருக்கு முழுமையாக மேசை போட வேண்டும், ஒரே ஒரு நாளாவது. என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பதினொரு பேரை மதிய உணவுக்கு அழைத்தேன். வாக்கு எண்ணிக்கை முடிந்த அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்தேன். அவர்களில் தணிக்கையிலிருந்து எங்கள் பிரிவுக்கு வந்த ஒருவர் இருந்தார். எதையும் நம்பாதது அவர் தொழில். வாட்ஸப்பில் உடனே கேட்டார்: “பன்னெண்டு செட் இருக்கா, இல்ல பதினொண்ணு வெச்சுக்கிட்டுப் பன்னெண்டுன்னு கணக்கு எழுதுறீங்களா?” கரண்டி பன்னிரண்டு இருந்தது, முள்கரண்டி பதினொன்றுதான். அவருக்குப் பதில் போடாமல் தேடத் தொடங்கினேன்.

மனைவியும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். “ஒரு தடவ போட்டு முடிச்சிடுங்க. அப்புறம் மேசய எனக்குக் குடுங்க. தையல் மிசினு வெக்கணும்.” ஆக அந்த ஒரு மதியம்தான் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நீட்டிப்புக்கு விதியில் இடமில்லை.

பன்னிரண்டாவது முள்கரண்டி வில்லியனூரில் ஒரு சொல்தா வீட்டில் இருப்பதாகத் தகவல் வந்தது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவரை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டில் மருமகள் இருந்தார். முன்பு இரண்டு முறை புகைப்படத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்திருந்ததால், ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டியையே ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப் போனேன்.

மருமகள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் தேடிவந்த முள்கரண்டி அவர் கையிலேயே இருந்தது. பாதி வெங்காயத்தை அதில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்பும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தாலும் ஓரத்தில் முத்து வரி தெரிந்தது.

“இதையா கேக்குறீங்க?” என்றார். “குடுக்கலாம். ஆனா வெங்காயம் குத்த எனக்கு வேற முள்ளு வேணுமே. இது வளையாது சார், அதான் வெச்சிருக்கேன்.”

கடைத்தெருவுக்குப் போய் ஒரு நல்ல எவர்சில்வர் முள்கரண்டி வாங்கிவந்து கொடுத்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்துத் திருப்தியடைந்து, வெங்காயத்தை அதற்கு மாற்றினார். எங்கள் இருவருக்குமே லாபம் என்று இருவருமே நினைத்தோம். அரசு ஒப்பந்தங்களில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில், கரிக்கலாம்பாக்கம் முனையில் மறித்தார்கள். சாமியானா, ஒரு மேசை, வீடியோ எடுக்க ஒருவர், தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்ட ஓர் இளம் அதிகாரி, ஒரு காவலர். காவலர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“பெரியவரே, உள்ள இன்னா?”

இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் சில்வர் என்றால் எஃகு. சில்வர் குடம், சில்வர் தட்டு, சில்வர் டப்பா எல்லாம் துருப்பிடிக்காத இரும்பு. உண்மையான சில்வருக்கு வெள்ளி என்று பெயர். வருடக்கணக்காக இந்தப் பிழையைத் திருத்திவந்தவன் நான். அண்டை அயலார் ‘சார் சில்வர் ஸ்பூன் சேக்குறாரு’ என்று சொல்லும்போதெல்லாம், “சில்வர் அல்ல, வெள்ளி முலாம்” என்று நிறுத்திச் சொல்வேன். காவலரிடமும் அப்படியே சொன்னேன்.

“வெள்ளி முலாம் பூசிய பிரெஞ்சு மேசைக் கரண்டிகள்.”

முதல் சொல்லிலேயே அவர் நிமிர்ந்துவிட்டார். “சார்!” என்று அதிகாரியைக் கூப்பிட்டார். “வெள்ளி சார்! பெட்டி ஃபுல்லா!”

அதிகாரி மரியாதையானவர். “ஐயா, இதுக்கு பில் இருக்கா?” என்றார்.

“சந்தையில் பேசினிலிருந்து பொறுக்கியதற்கும், தோசைக்கல்லிலிருந்து எடுத்ததற்கும் பில் கிடையாது. மேலும் இது வெள்ளி அல்ல, முலாம். மேலே மட்டும் பூச்சு.”

“மேல இருக்கிறது வெள்ளிதானே?” என்றார் காவலர்.

“ஆமாம்.”

“எழுதிக்கோங்க சார். வெள்ளின்னு அவரே ஒத்துக்கினாரு.”

அதிகாரி ஒரு கரண்டியைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். “தொண்ணூறுன்னு போட்டிருக்கே? கொலுசுல தொண்ணூத்திரண்டரைன்னு போடுவாங்க. இது கொஞ்சம் தரம் கம்மி, அவ்வளவுதானே?”

டஜன் கணக்கையும் கிராம் கணக்கையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காவலருக்கு அவ்வளவும் தேவைப்படவில்லை. டஜன் என்ற சொல் போதுமாக இருந்தது. “பன்னெண்டு ஸ்பூனு, பன்னெண்டு முள்ளு. பன்னெண்டு வூட்டுக்குப் பிரிச்சி வெச்சிருக்காரு சார்.”

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டுக்கு ஒரு முள்கரண்டி கொடுத்து ஓட்டுக் கேட்கும் வேட்பாளர் டெபாசிட்டை மீட்க மாட்டார் என்பதை எடுத்துச் சொன்னேன். அதிகாரி சிரித்தார். பெட்டியை மூடிக் கொடுத்துவிடுவார் போலத்தான் இருந்தது. அதற்குள் அவர் எழுதிவைத்திருந்த கைப்பற்றல் மகஜரில் என் கண் போய்விட்டது. ‘வெள்ளிப் பொருட்கள்’ என்று எழுதியிருந்தார். சோதனை செய்யாத உலோகத்தை ‘வெண்ணிற உலோகம்’ என்றுதான் எழுத வேண்டும், தவறாக எழுதிய மகஜரைக் கிழிக்கவும் கூடாது, அடித்தெழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று சுட்டிக்காட்டினேன்.

அவர் சிரிப்பு நின்றது. “கிழிக்கக் கூடாதுன்னா, அப்ப இதை நான் முடிச்சுத்தான் ஆகணும் ஐயா,” என்றார். வீடியோ எடுப்பவரும் தலையாட்டினார். எல்லாம் பதிவாகியிருந்தது.

முறையான நகலைப் பெற்றுக்கொண்டு, பெட்டி இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மனைவி முழுக் கதையையும் கேட்டாள்.

“சில்வர் ஸ்பூனுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பான்ல?”

“அது பிழை.”

“பிழ இங்க இருக்குது. பொட்டி எங்க இருக்குது?”

வாக்குப்பதிவு முடிந்தது. விதி சொன்ன ஏழு நாள்களும் முடிந்தன. தானாகவே எதுவும் நடக்கவில்லை. வாக்கு எண்ணினார்கள், யாரோ ஜெயித்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். நான் குறித்திருந்த ஞாயிறும் வந்து போயிற்று. விருந்தை ஒத்திவைப்பதாக அறிவித்தேன். தணிக்கைக்காரர் ‘எதிர்பார்த்ததுதான்’ என்று ஒரு வரி போட்டு, அதற்குக் கீழே கைகூப்பும் படத்தையும் போட்டார்.

அலுவலகத்துக்குப் போனேன். பெட்டியைப் பொறுப்பில் வைத்திருந்த எழுத்தர் ஓர் அம்மாள். என்னை உட்காரவைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி, தடையை விளக்கினார். படிவத்தில் ‘மதிப்பு’ என்றொரு கட்டம் இருக்கிறது. அது நிரம்பாமல் குழு கூடாது. எனவே நகை மதிப்பீட்டாளர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு கரண்டியை உரைகல்லில் லேசாக உரசி, வெள்ளி என்று சான்று கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் உரசிய இடம் வெள்ளிதான்.

“ஆழமா அறுத்துப் பாத்தாத் தெரிஞ்சிடும் சார்,” என்றார் அம்மாள். “ஒண்ணே ஒண்ண அறுக்கச் சம்மதம்னு எழுதிக் குடுங்க. மிச்சத்த இந்த வாரமே வாங்கினு போலாம். நானே முடிச்சித் தரேன்.”

“ஒன்றை அறுத்தால் எனக்குப் பதினொன்று.”

“இருபத்து மூணு சார்.”

“மேசைக்குப் பதினொன்று.”

அந்த வித்தியாசம் அவருக்குப் புரியவில்லை. வீட்டில் புரிந்தது, ஆனால் பயனில்லை. “பதினொண்ணு போதாதா? ஒருத்தரு கையால சாப்புடட்டும்,” என்றாள் மனைவி.

“யார்?”

“நீங்கதான்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வாரமே பெட்டி வந்திருக்கும், விருந்தும் நடந்திருக்கும். ஆனால் ஊர் ஊராக அலைந்து பன்னிரண்டு ஆக்கியது, அரசுக்காக அதைப் பதினொன்று ஆக்குவதற்கு அல்ல. அதைவிட முக்கியமாக, விதி என் பக்கம் இருந்தது. விதி தன் பக்கம் இருக்கும்போது விட்டுக்கொடுப்பவன் ஊழியனாகவே இருந்திருக்க முடியாது.

உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். அதில் மூன்று பத்திகள். முதல் பத்தி: விடுவிப்பதற்கு விதி கேட்பது வேட்பாளருடன் தொடர்பு உண்டா இல்லையா என்பதை மட்டுமே, மதிப்பு எவ்வளவு என்பதை அல்ல. இரண்டாம் பத்தி: ஆகவே எந்தப் பொருளையும் அறுக்கவோ அராவவோ கூடாது. மூன்றாம் பத்தியை முன்னெச்சரிக்கையாகச் சேர்த்தேன். ஒன்றை அறுத்தால் போதும் என்ற அம்மாளின் யோசனையை அடியோடு வெட்டவேண்டும் அல்லவா? இப்பொருள்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து பெறப்பட்டவை, ஆகவே ஒன்றின் மேல் செய்யும் சோதனை மற்றவற்றைக் கட்டுப்படுத்தாது, மாதிரிச் சோதனை சட்டப்படி செல்லாது என்று எழுதினேன். இதற்கு எந்த அலுவலகத்தாலும் பதில் சொல்ல முடியாது என்ற நிம்மதியோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பிறகு காத்திருந்தேன். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். மேசையில் பாதியைத் தையல் இயந்திரம் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதி, விசாரணை நிலுவையில் இருப்பதால், என் வசம் இருந்தது.

ஆடி மாதம் ஒரு காலையில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கரிக்கலாம்பாக்கம் முனையில் என்னை மறித்த அதே காவலர், பின்னால் என் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

“கையெழுத்துப் போடுங்க சார். பீரோவக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.” அவர் நீட்டிய ரசீதில் ‘சில்வர் ஸ்பூன், முள்ளு: 24’ என்று எழுதியிருந்தது.

“சில்வரா?” என்றேன்.

“ஆமா சார், வெள்ளி இல்லியாம். நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நாங்கதான் கேக்கல.” உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னார். மனைவி அவருக்கு மோர் கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்தேன். வெல்வெட் அப்படியே இருந்தது. வரிசையும் கலையவில்லை. ஒவ்வொரு கரண்டியிலும், ஒவ்வொரு முள்கரண்டியிலும், முதுகுப் பக்கம், கழுத்துக்குச் சற்றுக் கீழே, அரத்தால் அராவிய ஒரு பள்ளம். அரிசி முனையளவு ஆழம். அதற்குள் மங்கலான மஞ்சள் உலோகம் தெரிந்தது. இருபத்து நான்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில். அவ்வளவு ஒழுங்கான வேலையை அந்த அலுவலகத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மாளுக்குப் போன் செய்தேன்.

“நீங்க எழுதினபடிதான் சார்,” என்றார். “ஒண்ணப் பாத்தா மத்ததுக்குச் செல்லாதுன்னு மூணாவது பாராவுல இருந்திச்சி. மேல அதத்தான் வட்டம் போட்டு அனுப்பிச்சாங்க. ஒவ்வொண்ணா பாக்கச் சொன்னாங்க. பாவம், ஆசாரிக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சி.”

“இரண்டாவது பத்தி?”

“அது வேற செக்சன் சார். அதுக்கு ஃபைல் தனியா போயிருக்கு. பதில் வரும்.”

போனை வைத்தேன். மனைவி ஒரு முள்கரண்டியை எடுத்து, பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். “பன்னெண்டு இருக்குதுல்ல,” என்றாள். “கூப்புடுங்க அவங்கள.” தையல் இயந்திரத்தை அவளே மேசையிலிருந்து இறக்கினாள்.

அந்த ஞாயிறே அழைத்தேன். வெள்ளை விரிப்பு, பன்னிரண்டு தட்டு. பிரெஞ்சு முறைப்படி முள்கரண்டியைக் கவிழ்த்தேன். பள்ளம் பளிச்சென்று மேலே வந்தது. நிமிர்த்தினால் முறை தவறும். முறையே பெரிது என்று கவிழ்த்தே வைத்தேன். பதினொரு பேரும் வந்தார்கள். மட்டன் பிரியாணியை முள்கரண்டியால் சாப்பிடுவது எப்படி என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, எல்லோரும் சமாளித்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. கூட வேலை பார்த்தவன் முன்னால் யார் முதலில் தோற்பது?

தணிக்கைக்காரர் உட்காரும் முன்பே பன்னிரண்டையும் எண்ணிவிட்டிருந்தார். எண்ணிக்கை சரியாக இருந்ததில் அவருக்கு வருத்தம். சாப்பாட்டின் நடுவில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பள்ளத்தை ஆராய்ந்தார்.

“எல்லாத்துலயும் ஒரே இடத்துல வெட்டு இருக்கு, பாத்தீங்களா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். “அதுதாங்க அசல் பிரெஞ்சு. கம்பெனியிலேயே இப்படி வெட்டி அனுப்புவான். வெட்டு இல்லன்னா டூப்ளிகேட்டு.”

“அப்படியா சார்?” என்று எல்லோரும் அவரவர் முள்கரண்டியைத் திருப்பிப் பார்த்தார்கள். அவரவருடையது அசல் என்பதில் எல்லோருக்கும் திருப்தி. சொற்பிழையைக்கூடப் பொறுக்காமல் திருத்திவந்த நான், தயிர்ப் பச்சடியை அவர் பக்கம் நகர்த்தினேன். சமையலறை வாசலில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மேசை அவளுக்குப் போயிற்று. பெட்டி பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. ஐப்பசி மழை வந்தது, ஏரி நிரம்பியது, நடவும் முடிந்தது.

அதன் பிறகுதான் தபால்காரர் ஒரு பதிவுத் தபாலைக் கொண்டுவந்தார். என் மனுவின் இரண்டாம் பத்தி கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாகவும், அதிலுள்ள கோரிக்கை நியாயமானது என்று ஏற்கப்பட்டதாகவும், மேற்படி பொருள்கள் எதையும் அறுக்கவோ அராவவோ கூடாது என்று சம்பந்தப்பட்ட அனைவருக்கும் கண்டிப்பான ஆணை பிறப்பிக்கப்பட்டிருப்பதாகவும் எழுதியிருந்தது. தமிழ் பிழையில்லாமல் இருந்தது. தேதி போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். பழக்கம் விடவில்லை. பேனாவை எடுத்து, உறையின் இடது மேல் மூலையில் நானே எழுதினேன்: பெறப்பட்டது, மார்கழி கடைசி நாள், போகி.